பழக்குதல் என்னும் சொல்

காட்டு விலங்கு ஒன்றைப் பிடித்து வந்து, தன் ஏவலுக்கு இணங்கி நடக்குமாறு மனிதன் செய்யும் தொழிலைத் தமிழில் நாம் 'பழக்குதல்' என்கிறோம். நாள்தோறும் வழங்கும் எளிய சொல்லாதலின் இதன் பொருளை நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் இந்நாட்டு மொழிகள் இதே தொழிலுக்கு இட்டு வழங்கும் பெயர்களை அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வியப்பான செய்தி புலனாகும். எல்லா மொழியினரும் கண்டது ஒரே தொழில்தான். எனினும் ஒரு மொழி அதில் அடக்குதலைக் கண்டது. மற்றொன்று உணவூட்டுதலைக் கண்டது. வேறொன்று நெருங்கி இருத்தலைக் கண்டது. பெயர் வேறுபட்ட இடத்தில் நோக்கமும் வேறுபட்டிருக்கிறது.

வடமொழியிலிருந்தே தொடங்குவோம். அங்கு இத்தொழிலுக்குரிய பழைய வினையடி 'தம்' என்பது. அடக்கு, கீழ்ப்படுத்து என்பது அதன் பொருள். ஏரிலும் வண்டியிலும் பூட்டுவதற்கு ஏற்ற பருவம் எய்தி, இன்னும் பணி கற்காத இளங்காளை 'தம்யம்' எனப்பட்டது. அடக்கப்பட்டு அமைந்தது 'தாந்தம்'. கிரேக்கமும் இலத்தீனும் இதே அடியைத் தம் ஒலிமுறைக்கேற்ப வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் 'டேம்' என்று வழங்கும் சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குதிரையையும் எருதையும் அடக்கி வாழ்ந்த மிகப் பழைய மக்கட் கூட்டம் ஒன்றின் சொல், நாடுகள் பல கடந்தும் உருமாறி நிலைத்திருக்கிறது.

தொழுவத்திலும் குதிரைப் பந்தியிலும் பிறந்த இச்சொல் நெடுநாள் அங்கேயே தங்கிவிடவில்லை. விலங்கை அடக்குவதைப் போலவே மனத்தையும் அடக்க வேண்டும் என்று எண்ணிய ஞானியர் அதனை எடுத்துக்கொண்டனர். பிருகதாரணியக உபநிடதத்தில் பிரசாபதி 'த' என்னும் ஓரெழுத்தை மட்டும் உபதேசிக்கிறார். மனிதர் அதனை ஈகை என்று கொள்கின்றனர். அசுரர் இரக்கம் என்று கொள்கின்றனர். தேவர்களோ 'அடங்குக' என்று பொருள் கொள்கின்றனர். தேவர் கொண்ட அப்பொருளில் நிற்பது நாம் கூறும் 'தம்' என்னும் அடியே. வேதாந்த நூல்கள் புலனடக்கத்தைச் 'சமம், தமம்' என்று இணைத்துச் சொல்லும்போதும், காளையை நுகத்தில் பூட்டிய பழஞ்சொல்லே நம் காதில் விழுகிறது.

நளன் கதை அறியாதவர் தமிழ்நாட்டில் இலர். விதர்ப்ப நாட்டு வீமனுக்கு மகப்பேறு வாய்க்குமாறு வரம் அளித்த முனிவரின் பெயர் தமனர். அவ்வரத்தால் பிறந்த பெண் தமயந்தி. அவளுடன் பிறந்தோர் தமன், தாந்தன், தமனன். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே வினையடியால் பெயர் பெற்றிருக்கிறது! பஞ்சதந்திரத்தில் சிங்கத்தையே தன் சூழ்ச்சியால் ஆட்டிவைக்கும் நரிக்குத் தமனகன் என்று பெயர் வைத்தவரும் பொருளறிந்தே வைத்திருக்க வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். 'தம்பதி' என்னும் சொல்லிலும் 'தம்' இருக்கிறது. அது வேறு. வேதமொழியில் வீட்டைக் குறித்த 'தம்' அது. தம்பதி என்றால் வீட்டுக்கு உரியவர் என்பதே முதற்பொருள். கணவன் மனைவியை அடக்கினான் என்றோ, மனைவி கணவனை அடக்கினாள் என்றோ அச்சொல்லிலிருந்து எவரும் வழக்குக் கொண்டு வருவதற்கில்லை. வீடும் அடக்குதலும் ஒரே ஒலியில் அமைந்திருப்பதைக் கண்டு இரண்டும் ஓர் அடியே என்று கூறியவர் உண்டு. இரண்டும் வேறு வேறு அடிகள் என்று கொள்வதே இன்று பெருவழக்கு. ஆயினும் ஐரோப்பிய மொழிகள் சில, விலங்கை வீட்டுக்கு உரியதாக்குதல் என்னும் கருத்தில் வீட்டுச் சொல்லிலிருந்தே மற்றொரு சொல்லைப் படைத்துக்கொண்டன. இது பின்னர் நமக்குப் பயன்படும்.

பாலி மொழியில் இவ்வடி இன்னும் தெளிவாக ஒலிக்கிறது. புத்தரின் சிறப்புப் பெயர்களுள் ஒன்று 'புரிசதம்மசாரதி' என்பது. அடக்கத் தகுந்த மாந்தரைச் செலுத்தும் தேர்ப்பாகன் என்பது அதன் பொருள். அங்குத்தர நிகாயத்தில் கேசி என்னும் குதிரைப் பயிற்சியாளனிடம் புத்தர் அவன் தொழிலைப் பற்றிக் கேட்கிறார். சிலவற்றை மென்மையாலும், சிலவற்றைக் கடுமையாலும், சிலவற்றை இரண்டாலும் பழக்குவதாக அவன் கூறுகிறான். எதற்கும் அடங்காததை என் செய்வாய் என்று கேட்கவே, கொன்றுவிடுவேன் என்கிறான். அடக்குதல் என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் கத்தியை அவ்வொரு விடை காட்டிவிடுகிறது.

இதனினும் நிறைவான செய்தி மச்சிம நிகாயத்தின் தந்தபூமி சூத்திரத்தில் உள்ளது. அரசனுடைய யானையின்மீது ஏறிக் காட்டுக்குச் செல்லும் வேட்டுவன், காட்டு யானையின் கழுத்தை அவ்வரச யானையின் கழுத்தோடு பிணித்து வெட்டவெளிக்குக் கொண்டு வருகிறான். அங்கே பெரிய தூண் ஒன்றை நாட்டி அதில் யானையைக் கட்டுகின்றனர். அதன் காட்டு இயல்புகளும், காட்டைப் பற்றிய நினைவுகளும், காட்டைப் பிரிந்த துயரும் நீங்கி, ஊரில் அது மகிழ வேண்டும் என்பது நோக்கம். முதலில் யானைப் பாகன் இனிய சொற்களால் அதனோடு பேசுகிறான். அது செவி சாய்த்துக் கேட்கத் தொடங்கிய பின்னரே புல்லும் நீரும் தருகிறான். உணவைக் கொண்டதும், இனி இவ்யானை பிழைக்கும் என்று அவன் அறிகிறான். அதன் பின்னரே எடு, வை, முன்னே போ, பின்னே வா, எழு, உட்கார் என்னும் ஏவல்கள். பாலியில் சொல் அடக்குதலாகவே இருக்கிறது. நிகழும் செயலிலோ பேச்சும் உணவும் முன்னே வருகின்றன. இது கி.மு. நூற்றாண்டுகளின் செய்தி. இன்றைய யானை முகாம் ஒன்றை அறிந்தவர் இதனைப் படித்தால், பெரும்பகுதியைத் தாம் முன்பே கண்டதாகவே எண்ணுவர்.

யவனத் தூதர் மெகசுதனீசு எழுதியதாக ஏரியன் எடுத்துக் கூறும் செய்தியும் இதனோடு ஒத்திருக்கிறது. வெட்டவெளியைச் சுற்றி அகழி தோண்டி, ஒரு சிறு பாலம் விட்டு, பழகிய பிடிகளை உள்ளே நிறுத்திக் காட்டு யானைகளைக் கவர்வார்கள். பிடிபட்டவை சோர்ந்து உணவை மறுக்கும்போது அவற்றைச் சூழ நின்று பாட்டாலும் முழவாலும் தாளத்தாலும் தேற்றுவார்கள். போரிலே பகைவரை மிதிக்கும் களிற்றுக்குத் தாலாட்டுப் பாடிய நாடு இது என்று அந்த யவனர் வியந்திருப்பார்.

இனி வாழும் மொழிகளுக்கு வருவோம். வங்காளியர் விலங்கு பழகிவிட்டது என்பதைப் 'போஷ் மானா' என்பர். போஷ் என்பது ஊட்டம். நாம் 'போஷாக்கு' என்று வழங்கும் சொல்லின் உறவு. மானா என்பது ஒப்புக்கொள்ளுதல். ஊட்டுகின்ற கையை விலங்கு ஏற்றுக்கொண்டது என்பது கருத்து. இந்தியில் வீட்டு விலங்கு 'பால்தூ'. 'பரிபாலனம்' என்னும் சொல்லில் உள்ள காத்தல் அங்கே நிற்கிறது. தொழிலுக்குப் பயிற்றுவதைச் 'சதானா' என்றும் கூறுவர். உருதுவிலோ 'ராம் கர்னா' என்று ஒரு வழக்கு உண்டு. இதைக் கேட்டு அயோத்தி இராமனை நினைக்க வேண்டா. பாரசீகத்தில் 'ராம்' என்பதற்குப் பணிந்தது, சாந்தமானது என்பது பொருள். தெலுங்கர் 'மச்சிக' செய்தல் என்பர். அன்பினால் நேரும் நெருக்கம் அது. மலையாளத்தில் 'மெருக்குக' என்றும் 'இணக்குக' என்றும் இரு வழக்குகள் உள்ளன; பின்னதன் பொருள் தமிழர்க்கு விளக்க வேண்டுவதன்று.

இவை அனைத்திலும் நம் உள்ளத்தை மிகவும் கவர்வது மராத்திச் சொல். பழகிய விலங்கை அம்மொழியினர் 'மாணஸாள' ஆயிற்று என்னும் பொருள்பட வழங்குகின்றனர். 'மாணூஸ்' என்பது மனிதன். காட்டிலிருந்து வந்தது மனிதரோடு மனிதராக ஒட்டிக்கொண்டது என்பது அச்சொல்லின் உள்ளுறை. அடக்கினவன் யார், ஊட்டினவன் யார் என்பதை அச்சொல் கேட்கவில்லை. விலங்கு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதையே கேட்கிறது.

தமிழுக்கு வருவோம். 'அடங்கு' என்பதற்கு 'அடக்கு', 'இணங்கு' என்பதற்கு 'இணக்கு' என்று வருவதுபோலப் 'பழகு' என்பதற்குப் 'பழக்கு' பிறவினையாக வருகிறது. ஆகவே பழக்குதல் என்பது பழகுமாறு செய்தல். பழகுவது விலங்கின் செயல். அதற்கு வழிவிடுவதே மனிதன் செயல். பழைமை, பழையன் முதலிய சொற்களில் உள்ள 'பழ' என்பதோடு இது நெருங்கி நிற்கிறது. வள்ளுவர் நெடுநாள் நட்பின் உரிமையைக் கூறும் அதிகாரத்துக்குப் 'பழைமை' என்று பெயரிட்டிருப்பதும் இந்த நெருக்கத்தைக் காட்டும். நாள் கழிய வேண்டும். ஒன்றை ஒன்று அறிய வேண்டும். அச்சம் தேய வேண்டும். காலம்தான் இச்சொல்லின் உயிர். கன்னடத்திலும் இதே சொல் 'பளகு' என்ற உருவில் வழங்குவதால், இது தென்மொழிகளின் பழஞ்சொத்து என்பது தெளிவு.

இதில் மற்றொரு நுட்பம் உண்டு. 'அடக்கு' என்றால் ஒருவன் அடக்குவான், மற்றது அடங்கும். 'பழகு' என்பதோ 'ஓடு' என்னும் உருபை வேண்டி நிற்கும். யானை பாகனோடு பழகுகிறது. பாகனும் யானையோடு பழகுகிறான். புதிய பாகனை ஏற்றுக்கொள்ள முகாம் யானைக்கு நாட்கள் பல ஆவதை அத்தொழிலில் உள்ளோர் அறிவர். இலக்கணம் கூறுவதையே தொழிலும் கூறுகிறது.

தமிழில் வன்மை காட்டும் சொற்களும் இல்லாமல் இல்லை. உழவர் காளைக் கன்றை ஏருக்கு 'வசக்குதல்' என்பர். வசம் ஆக்குதல் என்னும் பொருளுடையது அது. தோலை மெல்லிதாக்கிப் பதப்படுத்துவதற்கும் அச்சொல்லே உரியது. அடித்தும் மடக்கியும் வளைந்து கொடுக்கச் செய்வது இரண்டுக்கும் பொது. அதற்கு நேர்மாறாக, முல்லை நிலத்து ஆயர் சீறிவரும் ஏற்றை எதிர்கொண்ட வீரத்துக்குத் தமிழ் இட்ட பெயர் 'ஏறு தழுவுதல்'. தழுவுதல் அணைத்துக்கொள்ளுதலன்றோ! அயலார் இதைக் காளையை அடக்கும் விளையாட்டு என்று மொழிபெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பையே நாமும் திரும்ப வாங்கி வழங்குவது பொருந்தாது.

சங்க நூல்கள் யானையைப் பற்றித் தரும் குறிப்புகள் மிகப் பல. யானை பிடிக்கத் தோண்டிய குழியைப் 'பயம்பு' என்றனர். அக்குழியில் வீழ்ந்த களிறு தன் கோட்டால் கரையை இடித்துத் தூர்த்து ஏறித் தன் பிடியிடம் மீண்டதைப் பட்டினப்பாலை, சிறையிலிருந்து தப்பிய கரிகாலனுக்கு உவமையாக்குகிறது. புலவரின் நெஞ்சம் தப்பிச் சென்ற யானையின் பக்கமே நிற்பதைக் காண்க. முல்லைப்பாட்டிலோ, கல்லாத இளைஞர் கவைமுள் கொண்டு வடமொழி ஏவல்களைப் பயிற்றி யானைக்குக் கவளம் ஊட்டும் காட்சி உள்ளது. தமிழ்நாட்டுப் பாசறையில் யானை கேட்ட சொற்கள் வடசொற்கள்! அரசரும் படைகளும் மாறினாலும், யானைக்குக் கற்பித்த சொல் பாகனிடமிருந்து பாகனுக்கு மாறாது சென்றிருக்கிறது.

இத்தொழில் பல நாட்டவர் கூடிய தொழில் என்பதற்கு வேறு சொற்களும் சான்று. காட்டு யானையை வழிக்குக் கொண்டுவரத் துணைநிற்கும் பழகிய யானையைக் 'கும்கி' என்கிறோம். பாரசீகத்தில் 'குமக்' என்பது உதவி. உதவிக்கு வரும் யானை கும்கியாயிற்று. 'மாவுத்தன்' என்பது 'மகாமாத்திரன்' என்னும் பெரும்பதவிப் பெயரின் தேய்வு. பிடித்த யானையை அடைத்து வைக்கும் மரக்கூண்டைக் 'கரால்' என்கின்றனர். போர்த்துகேசியர் கால்நடைப் பட்டிக்கு வழங்கிய சொல் ஒல்லாந்தர் வாயிலாக உருமாறி வந்தது அது. வடசொல், பாரசீகம், போர்த்துகேசியம் ஆகிய மூன்றும் ஒரே முகாமில் நாள்தோறும் ஒலிக்கின்றன.

இதுகாறும் நாம் யானையையும் மாட்டையும் ஒரே தொழிலுக்கு உட்பட்டனவாகப் பேசி வந்தோம். வரலாறு அவ்வாறு பேச இடங்கொடாது. வீட்டுச் சொல்லிலிருந்து ஐரோப்பியர் வேறொரு சொல்லைப் படைத்தனர் என்று முன்னர்க் குறித்தோம். ஒரு விலங்கைப் பழக்குவது வேறு; ஓர் இனத்தையே மனிதனோடு தலைமுறை தலைமுறையாக வாழவும் பெருகவும் செய்து அதன் உடலையும் இயல்பையும் மாற்றுவது வேறு. முன்னது ஒரு பாகன் வாழ்நாளில் முடியும். பின்னதற்குப் பல தலைமுறைகள் வேண்டும்.

திமிலுள்ள நம் நாட்டு மாடு இரண்டாம் வகை. போலன் கணவாயின் அடிவாரத்தில் மெகர்கர் என்னும் இடத்தில் 1974ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பு வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த மாட்டெலும்புகள் காலம் செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே வருகின்றன. காட்டு மாடு வீட்டு மாடான கதையை அவ்வெலும்புகள் எழுதி வைத்துள்ளன. அதன் காட்டு மூதாதை பின்னர் முற்றும் அழிந்தது, மாடு அழியவில்லை.

யானையின் கதை வேறு. பிடியின் சூல் 18 முதல் 22 மாதம். கன்று வேலைக்கு ஆகும் பருவம் எய்தப் பல ஆண்டுகள் வேண்டும். அதுவரை தீனியிட்டுக் காப்பதைவிட வளர்ந்த யானையைக் காட்டிலிருந்து பிடித்து வருவதே அரசர்க்கு எளிதாயிற்று. பழகிய யானைகள் கன்று ஈனுவது மங்கலமன்று என்ற எண்ணம்கூட முன்னாளில் இருந்ததென்றும், அக்பர் அதனை மாற்றினாரென்றும் அபுல் பசல் எழுதுகிறார். ஆகவே படைக்கும் கோயிலுக்கும் மரம் இழுப்பதற்கும் யானை வேண்டியபோதெல்லாம் காடே களஞ்சியமாக இருந்தது. நீலகண்டரின் 'மாதங்கலீலை' யானை பிடிக்கும் ஐந்து முறைகளைக் கூறி, குழியில் வீழ்த்தும் முறை யானைகளை அழிப்பதாதலின் ஆகாது என்று விலக்குகிறது. நூல் விலக்கியதை நாடு விலக்கவில்லை. மைசூரில் சாண்டர்சன் என்பார் 1873-74இல் நடத்தத் தொடங்கிய 'கெட்டா' முறை, கூட்டம் கூட்டமாக யானைகளை வளைத்தது. கடைசிக் கெட்டா 1971இல் காக்கனகோட்டையில் நடந்தது. அடுத்த ஆண்டில் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பழக்குதலுக்கும் வீட்டு விலங்காக்குதலுக்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதைச் சிவிங்கியின் முடிவு காட்டும். மான் வேட்டைக்குப் பழக்கிய புள்ளிச் சிறுத்தையே சிவிங்கி. புதிதாகப் பிடித்த சிவிங்கியைப் பழக்க இரண்டு மூன்று மாதம் ஆனதென்றும், அக்பர் காலத்தில் அது 18 நாட்களாகக் குறைந்ததென்றும் அபுல் பசல் பெருமை பேசுகிறார். ஒரு சிவிங்கிக்கு முரசறைந்து பல்லக்கு ஊர்வலமும் நடந்தது. அத்துணைத் தேர்ச்சி! ஆனால் அவ்விலங்கு கூண்டில் குட்டி ஈனாது. தம் தந்தையார் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்தும், தோட்டங்களில் ஆணையும் பெண்ணையும் சேர விட்டும் பயனில்லாமல் போனதைச் சகாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். தம் காலத்தில் ஒன்று கழுத்துப்பட்டையை நழுவவிட்டுச் சென்று பெண்ணைச் சேர, மூன்று குட்டிகள் பிறந்ததை அரிய செய்தியாகப் பதிவு செய்கிறார். ஒரு பேரரசர் குறித்து வைக்கும் அளவுக்கு அது அரிதாயிற்று.

கூண்டில் பெருகாத விலங்கைப் பழக்குவோர், ஒவ்வொரு முறையும் காட்டிலிருந்தே ஒன்றை எடுக்க வேண்டும். நூற்றாண்டுகள் பல இவ்வாறு எடுத்தனர். வேட்டையாடிக் கொன்றதும், புல்வெளிகள் கழனிகளானதும் அதனோடு சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சில சமஸ்தானத்தார் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கி தருவிக்க நேர்ந்தது. 1947இல் கோரியா சமஸ்தானத்தில் மூன்று சுடப்பட்டன. 1952இல் இவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. 2022இல் நமீபியாவிலிருந்து சில கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்துக் கூனோவில் விடப்பட்டன. பழக்குவதில் நம்மை விஞ்சியவர் இல்லை. பழக்கிய இனமோ நம்மிடம் எஞ்சவில்லை.

செய்தித்தாள்களில் முகாம் யானையை 'வளர்ப்பு யானை' என்று எழுதுவது இன்று வழக்கமாகி வருகிறது. ஆடு மாடுகளைக் கூறும் சொல்லை யானைக்கு ஏற்றும்போது, அது நம் தொழுவத்தில் தோன்றிய இனம் என்னும் மயக்கம் உண்டாகிறது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இதில் கவனமாக இருக்கிறது. பிடித்தோ அடைப்பில் ஈன்றோ வைத்திருக்கும் விலங்கைச் சிறைப்பட்ட விலங்கு என்னும் கருத்துடைய சொல்லாலேயே குறிக்கிறது. 'பழக்கிய யானை' என்னும் நம் பழந்தொடரும் உண்மைக்கு மாறானதன்று.

முதுமலை போன்ற முகாம்களில் வேலை முடிந்த யானைகளை இரவில் காட்டில் மேய விடுவது வழக்கம். காலையில் பாகர் தடம் பார்த்துச் சென்று அழைத்து வருவர். அவ்வாறு மேயச் சென்ற பிடிகள் ஈன்ற கன்றுகள் பலவற்றுக்குத் தந்தை காட்டுக் களிறே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யானையோடு வாழ்ந்த பிறகும், முகாமில் பிறக்கும் கன்றின் பாதி காட்டிலிருந்தே வருகிறது. தாய் அறிந்த ஏவல்கள் கன்றுக்குப் பிறப்பில் வருவதில்லை. பால் மறக்கச் செய்த பின், வா, போ, எடு, வை என்று முதற்சொல்லிலிருந்தே பாகன் அதற்குக் கற்பிக்கிறான்.